தோலுக்கடியில் ஒரு வாசல்

"நரம்பே கிடைக்கலையே" என்று சிஸ்டர் கையைத் தட்டித் தட்டிப் பார்க்கும் நிமிஷத்தை, கீமோ எடுத்தவர்கள் மறப்பதில்லை. நாம் நரம்பு என்று சொன்னாலும் அவர் தேடுவது ரத்தக்குழாயை, அதாவது சிரையை. வீரியமான மருந்து இறங்க இறங்க அது கயிறுபோல இறுகிவிடும். பாதிச் சிகிச்சையிலேயே குத்த இடமில்லாமல் போனவர்கள் உண்டு.

அந்தக் கைகளுக்கு வழி பிறந்ததில் அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் பெரிய பங்கு. 1973இல் அங்கே பிரோவியாக், கோல், ஸ்கிரிப்னர் மூவரும், குடல் செயலிழந்தவர்களுக்கு ரத்தத்தின் வழியே உணவு செலுத்த, இதயத்தின் வலது மேலறை வரை போகும் சிலிக்கோன் குழாய் ஒன்றைச் செய்தார்கள். 1979இல் ராபர்ட் ஹிக்மன் எலும்பு மஜ்ஜை மாற்று நோயாளிகளுக்காக அதன் உள்விட்டத்தை 1.6 மில்லிமீட்டராகப் பெரிதாக்கினார்.

இந்தக் குழாயில் என்னை வியக்கவைப்பது அதைச் சுற்றியிருக்கும் சின்னஞ்சிறு டாக்ரான் துணிப் பட்டை. குழாயைத் தோலுக்கடியில் சிறிது தூரம் சுரங்கம்போல ஓட்டுவார்கள். நாள்பட உடலின் திசு அந்தப் பட்டைக்குள் வளர்ந்து இறுகப் பிடித்துக்கொள்ளும். குழாயை ஒட்டி உள்ளே ஊர்ந்துவரும் கிருமிக்கு அங்கே அணை. அப்படியும் குழாயின் மறுமுனை மார்பில் தொங்கிக்கொண்டுதான் இருந்தது. குளிப்பதே கவலை.

1982இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜான் நீடர்ஹூபர் குழுவினர், தொங்கிய முனையையும் உள்ளே வைத்து மூடிய கருவியைப் பற்றி எழுதினார்கள். ஒரு சிறு கிண்ணம், அதற்குத் தடித்த சிலிக்கோன் மூடி, மேலே நோயாளியின் சொந்தத் தோல். இதுதான் போர்ட். சாதாரண ஊசி குத்தினால் மூடியில் துணுக்கு வெட்டுப்பட்டு ஓட்டை விழும். சியாட்டில் பல் மருத்துவர் ரால்ஃப் ஹூபர் 1940களில் வடிவமைத்த முனை வளைந்த ஊசி இங்கே கைகொடுத்தது. அது சிலிக்கோனை வெட்டாமல் விலக்கி நுழையும்; உருவியதும் மூடி தானே ஒட்டிக்கொள்ளும்.

நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையம் 1993இல் வெளியிட்ட கணக்கில், வெளியே தொங்கும் குழாய்களுக்கு 1,000 நாளைக்கு 2.77 தொற்று, போர்ட்டுக்கு 0.21. இரண்டும் ஒரே மாதிரி நோயாளிகளுக்கு வைக்கப்படுவதில்லை என்பதைக் கழித்துப் பார்த்தாலும் இது பெரிய வித்தியாசம்.

ஆனால் ஒவ்வொரு ஊசியும் மூடிய வாசலைத் திறக்கிறது. தோலில் சாதுவாக வாழும் ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி உள்ளே போனால் குழாயின் உட்சுவரில் பிசுபிசுப்பான படலம் கட்டிக் குடியேறிவிடும். அங்கே ஆன்டிபயாடிக் எளிதில் எட்டாது. வெள்ளணுக்களோ கீமோவில் குறைந்திருக்கும். போர்ட்டை மருந்துநீரால் கழுவிய கொஞ்ச நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தால், படலத்திலிருந்து கிருமி ரத்தத்தில் கலந்திருக்கலாம். 'கீமோ காய்ச்சல்தான்' என்று வீட்டில் போர்த்திப் படுக்கக் கூடாது. அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

அங்கே போர்ட்டிலிருந்தும் கையிலிருந்தும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து, அதில் கிருமி வளர்கிறதா என்று பார்ப்பார்கள். போர்ட் ரத்தத்தில் கிருமி இரண்டு மணி நேரமாவது முந்தி வளர்ந்தால், போர்ட்டின் மேல்தான் சந்தேகம். அது ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸாகவோ கேண்டிடா பூஞ்சையாகவோ இருந்தால் பெரும்பாலும் போர்ட்டைக் கழற்றியாக வேண்டும். அதன்பின் சிஸ்டர் மறுபடியும் கையைத் தட்டிப் பார்ப்பார்.