கைப்பிடி சொல்லும் வரலாறு

போர்க்கருவிகளைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இரும்பைப் பற்றியே பேசுவர். கையில் படும் மரத்தை மறந்துவிடுவர். துப்பாக்கியின் குழல் யாருக்கும் பொதுவானது. அதன் கட்டையோ பிடிப்பவனுடைய உள்ளங்கைக்கு ஏற்ப இழைக்கப்பெற வேண்டியது. பிடி பருத்திருந்தால் விரல் விசையை எட்டுவதில்லை. அளவுக்கு மேல் சீவிவிட்டாலோ அவ்விடத்திலேயே கட்டை முறியும். மரத்தின் இழையோட்டம் பிடியின் நெடுகிலும் செல்ல வேண்டும் என்று தச்சர் பார்ப்பது அதனாலேதான்.

புதுக்கோட்டைச் சீமையிலே இத்தகைய கைவேலையை வேண்டி நின்ற வேறொரு கருவியும் இருந்தது. அதுதான் வளரி. பிறைபோல் வளைந்து, ஒரு முனை கனத்து, வெளி விளிம்பு கூர்மையுற்றிருக்கும். வைரம் பாய்ந்த மரத்தில் செய்வர்; இரும்பிலும் செய்வதுண்டு. தஞ்சை ஆயுதசாலையிலிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தவற்றுள் தந்தத்தால் ஆனவையும் உண்டு! கனம் குறைந்த முனையைப் பற்றித் தோளுக்கு மேலே சுழற்றி வீசுவர். சிவகங்கைச் சின்ன மருது தமக்கு இக்கலையைக் கற்பித்ததாகக் கர்னல் வெல்ஷ் 1830ஆம் ஆண்டில் வெளியான தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1801ஆம் ஆண்டுப் போரில் அந்த மாணவர் கும்பினிப் படையிலே இருந்தார். ஆசிரியர் அவ்வாண்டு அக்டோபரில் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார். தொண்டைமான் அப்போரில் கும்பினியின் பக்கம் நின்றார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

பின்னர் வளரி வீட்டுக்குள் ஒடுங்கியது. அதை எறிய வல்லவர் இப்போது இலர் என்றும், முயல் முதலியவற்றின் வேட்டைக்கு எப்போதாவது பயன்படுகிறதென்றும் புதுக்கோட்டைத் திவான் தெரிவித்த செய்தி, எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட நூலில் காணப்படுகிறது. மறவர், கள்ளர் வீடுகளில் அது பூசையறையில் இருந்ததாம். ஆயுத பூசையன்று எடுத்துச் சுரண்டித் துலக்கி, மீண்டும் வைத்துவிடுவார்களாம்.

அந்தச் சுரண்டலைத்தான் எண்ணிப் பார்க்க வேண்டும். இன்றும் பயன்படும் துப்பாக்கியாயின், தந்தையின் கைக்கு இருந்த பிடியை மகன் அரத்தால் தேய்த்து, உப்புத்தாளிட்டு, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெய் பூசித் தன் கைக்கு ஆக்கிக்கொள்வது முறையே. ஆனால் எறிவார் இல்லாத வளரியின் பிடியைச் சுரண்டினால், கைவியர்வை ஊறிக் கறுத்த மேற்பரப்பும், விரல் தேய்த்த பள்ளமும் போய்விடும். கை பட்டதற்கு அவையன்றி வேறு சான்று ஏது? பளபளப்பு எந்தக் கடையிலும் கிடைக்கும்.

திருக்கோகர்ணத்திலே 1910ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற அரசு அருங்காட்சியகம் இருக்கிறது. அங்கே செல்லும் மாணவர்கள் பழங்கருவிகளின் கூர்முனையைப் பார்த்தபின், சற்றுக் குனிந்து பிடியையும் பார்க்கட்டும்.