அப்பா ரேடியோவின் வால்யூம் குமிழ்

ரொம்ப நாளாக எழுத நினைத்த மேட்டர் இது. போன வருஷம் ஒரு வால்வு ஆம்ப்ளிஃபையர் கட்டினேன். ஈசிசி 83 ஒன்று, ஈஎல் 84 ஒன்று, ஒரே ஒரு ஸ்பீக்கர், அவ்வளவுதான். ட்ரான்ஸ்ஃபார்மரையும் வால்வையும் தேடித்தேடி வாங்கியவன், வால்யூம் கண்ட்ரோலைப் பற்றி மட்டும் யோசிக்கவே இல்லை. அப்பாவோட செத்துப்போன வால்வு ரேடியோவில் இருந்து கழற்றி வைத்த 1 மெகா ஓம் கண்ட்ரோல் கைவசம் இருந்தது. அதைத்தான் போடணும்னு பிடிவாதம். அவர் தினமும் காலையில் திருப்பின குமிழ் ஆச்சே!

பழைய ட்யூனர் ஒன்றை இணைத்தேன். அதன் வெளியீடு பலவீனம், முக்கால்வாசி திருப்பினால்தான் காதில் விழும். விழுந்தது, ஆனால் போர்வைக்குள் இருந்து பாடுகிற மாதிரி. ட்ரெபிளே இல்லை. ட்ரான்ஸ்ஃபார்மரைத் திட்டினேன், கப்பாசிட்டர்களை மாற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் வெறுத்துப்போய் குமிழைக் கடைசிவரை திருப்பினேன். சத்தம் கரகரவென்று உடைந்தது. ஆனால் காணாமல்போன ட்ரெபிள் திரும்பி வந்துவிட்டது. அட, குற்றவாளி நம்ம வீட்டு ஆளா!

அந்த 1 மெகா ஓம் எதற்காக வந்தது என்று தெரிய கொஞ்சம் பின்னால் போகணும்.

1920-களின் ஆரம்பத்தில் பல அமெரிக்க ரேடியோக்களில், நாம் சொல்கிற அர்த்தத்தில் வால்யூம் கண்ட்ரோலே கிடையாது. 6 வோல்ட் பாட்டரி, 5 வோல்ட் ஃபிலமென்ட், நடுவில் ஒரு ரியோஸ்டாட். சத்தம் குறையணுமா, வால்வின் ஃபிலமென்ட்டை மங்கவிடு! மில்வாக்கியில் இருந்த ஆலன் பிராட்லி கம்பெனி இதற்கென்றே 'பிராட்லிஸ்டாட்' என்று ஒன்று விற்றது. உள்ளே கார்பன் வட்டுகள். குமிழைத் திருகினால் அவை நெருங்கி அழுந்தி மின்தடை குறையும். இன்னும் கொஞ்சம் சத்தம் வேணும்னு ஆசைப்பட்டுத் திருகினால் வால்வின் ஆயுள் போச்சு.

1927-இல் வீட்டு மின்சாரத்தில் சூடாகிற 27 என்ற வால்வு வந்தது. அது சூடாகவும் ஆறவும் பல வினாடி எடுக்கும், இப்போது திருப்பினால் அப்புறம்தான் சத்தம் மாறும். அதனால் ஃபிலமென்ட் வித்தை செல்லாது. 1929-இல் ஃபில்கோ 95 மாடல், ஹரால்ட் வீலர் 1926-இல் கண்டுபிடித்த தானியங்கி வால்யூம் கண்ட்ரோலோடு வந்தது. டயோடு டிடெக்டரில் இருந்து கிடைக்கும் வோல்டேஜே முந்தைய வால்வுகளை அடக்கி வைக்கும். தூரத்து ஸ்டேஷனும் பக்கத்து ஸ்டேஷனும் ஏறக்குறைய ஒரே அளவு. மிச்ச வேலைக்கு டிடெக்டருக்குப் பின்னால் ஒரு பொட்டென்ஷியோமீட்டர் போதும்.

டயோடு பாவம், பெரிய சுமை தாங்காது. அதான் 500 கிலோ ஓம், 1 மெகா ஓம் என்று வைத்தார்கள். கிராமஃபோன் கிறிஸ்டல் பிக்கப்புக்கும் அதே கதை. 1000 பிகோஃபாரட் கப்பாசிட்டர் மாதிரி நடந்துகொள்ளும் பிக்கப்பில் 100 கிலோ ஓம் சுமையை மாட்டினால் 1600 ஹெர்ட்ஸுக்குக் கீழே எல்லாம் கரையும். 1 மெகா ஓம் போட்டால் 160 வரை பிழைக்கும். ஆக, அப்பா ரேடியோவில் அந்தக் கண்ட்ரோல் சரியான இடத்தில்தான் இருந்தது.

என் பெட்டியில்தான் தப்பு. உள்ளே வரும் வோல்டேஜில் பாதியை வெளியே விடும் நிலையில் 1 மெகா ஓம் கண்ட்ரோலின் வெளியீட்டு மின்தடை 250 கிலோ ஓம். ஈசிசி 83-இன் கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் நடுவே வெறும் 1.6 பிகோஃபாரட்தான், ஆனால் வால்வு 60 மடங்கு பெருக்குவதால் அது கிரிட்டில் 100 பிகோஃபாரட்டாக வீங்கிவிடும். மில்லர் விளைவு என்பார்கள். கணக்குப் போட்டால் 6.4 கிலோ ஹெர்ட்ஸிலேயே சரிவு ஆரம்பம். 100 கிலோ ஓம் கண்ட்ரோல் என்றால் 64 கிலோ ஹெர்ட்ஸ், வௌவாலுக்கே போதும் :-) டயோடும் கிறிஸ்டலும் இல்லாத சிடி ப்ளேயர் மாதிரி ஆட்களுக்கு 100 கிலோ ஓம் தாராளம்.

புதுசு வாங்குகிறவர்கள் லாக் வகை கேளுங்கள். காது சத்தத்தை மடங்குக் கணக்கில்தான் உணரும். பாதி திருப்பினால் 10, 15 சதவீதம் வோல்டேஜ் வருவதுதான் இயல்பாகக் கேட்கும். இன்னொரு குழி: இன்று 'ஏ' என்று அச்சிட்டிருந்தால் பெரும்பாலும் லாக், ஆனால் பழைய ஐரோப்பியச் சரக்கில் 'ஏ' என்றால் லீனியர். மீட்டரை வைத்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள். எதைப் போட்டாலும் கிரிட்டில் இருந்து கிரவுண்டுக்குத் தனியாக ஒரு ரெசிஸ்டர் கட்டாயம். தேய்ந்த கண்ட்ரோலில் உள்ளே நகரும் காண்டாக்ட் தடத்தை விட்டு எழும்பினால் கிரிட் அந்தரத்தில் தொங்கக்கூடாது.

நான்? நூறு கிலோ ஓம் வாங்கி வந்து நாலு நாள் மேஜையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மனசு வரலை. கடைசியில் வால்வை மாற்றினேன். ஈசிசி 82, பெருக்கம் 14 மடங்குதான். கிரிட்டில் 30 பிகோஃபாரட்டுக்கு மேல் ஏறாது, சரிவு 20 கிலோ ஹெர்ட்ஸுக்குப் பக்கம் தள்ளிப்போனது. ஆனோடு, கேத்தோடு ரெசிஸ்டர்களை மாற்ற வேண்டியிருந்தது. ட்யூனருக்கு இந்தப் பெருக்கம் பத்தாது, அதனால் 2 வோல்ட் கொடுக்கும் சிடி ப்ளேயருக்கு மாறினேன்.

குமிழின் முதுகில் ரேடியோவை ஆன் செய்யும் சுவிட்ச் ஒன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்து இன்சுலேஷனை நம்பி மின்சாரத்தை விட பயம், ஒயர் எதுவும் கொடுக்கவில்லை. இருந்தாலும் தினமும் முதலில் அதை டக்கென்று திருப்பிவிட்டுத்தான் நிஜ சுவிட்சைப் போடுகிறேன்.