'தட்' மீது ஒரு மனு: ஆங்கிலத் தொடர்புச் சொற்களின் வரலாறு

தமிழில் 'நேற்று வந்த பையன்' என்று பெயருக்கு முன்னே நின்று பெயரெச்சம் செய்யும் வேலையை, ஆங்கிலத்தில் பெயருக்குப் பின்னே வரும் ஒரு சிறு வாக்கியம் செய்கிறது. இலக்கண நூல்கள் அதை ரிலேட்டிவ் கிளாஸ் என்கின்றன. அதைப் பெயரோடு பிணைக்கும் 'ஹூ' மனிதருக்கு, 'விச்' பொருளுக்கு, 'தட்' இரண்டுக்கும் என்று பள்ளிகளில் கற்பிக்கப்படும் பாகுபாடு மொழியோடு பிறந்ததன்று. அது மெல்லமெல்ல உருவாகி, 18-ஆம் நூற்றாண்டு இலக்கண ஆசிரியர்களின் கையில் விதியாக இறுகியது.

ஏறத்தாழ 1100 வரை வழங்கிய பழைய ஆங்கிலத்தில் 'ஹூ', 'விச்' ஆகியவை முதன்மையாக வினாச்சொற்களே. திணை, பால், வேற்றுமை எதற்கும் உருத்திரியாத 'தே' என்னும் இடைச்சொல்லும், 'அவன், அது' எனச் சுட்டும் சொற்களும், சில இடங்களில் இவ்விரண்டும் சேர்ந்தும் வாக்கியத்தைப் பிணைத்தன. வேற்றுமை உருபுகள் தேய்ந்து 'தே'யும் வழக்கொழிந்தபோது, அஃறிணைச் சுட்டாக இருந்த 'தட்' இரு திணைக்கும் பொதுவாகி அதன் இடத்தைப் பிடித்தது. 14-ஆம் நூற்றாண்டில் லத்தீன், பிரெஞ்சு உரைநடையின் செல்வாக்கும் துணைநிற்க 'விச்' பரவியது. அதுவும் மனிதரைக் குறிக்கத் தயங்கவில்லை. எழுவாயாக நிற்கும் 'ஹூ'வோ மிகவும் பிந்தியது. 15-ஆம் நூற்றாண்டுக் கடிதங்களின் இறுதியில், பெறுநரைக் கடவுள் காக்க வேண்டும் என்று வாழ்த்தும் வாய்பாட்டில்தான் அது குறிப்பிடத்தக்க அளவில் தலைகாட்டுகிறது. 1611-இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் விவிலியத்தில், இயேசு கற்பித்த செபம் விண்ணகத் தந்தையையே 'விச்' என்று சுட்டுகிறது.

இந்த வரலாற்றைத் தலைகீழாக்கிய ஒரு நகைச்சுவைக் கட்டுரை 1711 மே 30 அன்று 'ஸ்பெக்டேட்டர்' இதழில் வந்தது. ரிச்சர்டு ஸ்டீல் எழுதிய அதில், 'ஹூ', 'விச்' ஆகிய இரண்டும் மனுதாரர்களாக வந்து, நேற்று முளைத்த 'தட்' தங்கள் பரம்பரை உரிமையைப் பறித்துக்கொண்டதாக முறையிடுகின்றன. குழந்தைகள் முதலில் கற்கும் செபத்திலேயே தங்களை இடம் மாற்றிப் பயன்படுத்துகிறார்கள் என்பதும் அவற்றின் குறை. உண்மையில் மூவருள் மூத்தது 'தட்' தான். ஆயினும் கேலியாக எழுந்த வழக்கு வீண்போகவில்லை: அவ்விதழின் மற்றோர் ஆசிரியரான ஜோசப் அடிசன், தம் கட்டுரைகளை நூலாக்கத் திருத்தியபோது பல இடங்களில் 'தட்'டை நீக்கி மற்ற இரண்டையும் அமர்த்தினார்.

அதற்கு முன்பே கவிஞர் ஜான் டிரைடன் வேறொரு வழக்கைத் தொடங்கியிருந்தார். 'இன்', 'அட்' போன்ற முன்னிடைச் சொற்கள் இச்சிறு வாக்கியத்தின் கடைசியில் தனித்து நிற்பதை 1672-இல் நாடகாசிரியர் பென் ஜான்சனின் எழுத்தில் குறையாகக் கண்ட அவர், நாடகக் கவிதை பற்றித் தாம் 1668-இல் வெளியிட்ட நூலை 1684-இல் மறுபதிப்பிட்டபோது அத்தகைய இடங்களைத் தேடித் திருத்தினார். 1762-இல் இலக்கணம் வெளியிட்ட ராபர்ட் லவுத், இப்பழக்கம் பேச்சுக்கும் எளிய நடைக்கும் பொருந்தும், உயர்நடைக்கு முன்னே வைப்பதே சிறப்பு என்று எழுதினார். அதைச் சொல்லும் வாக்கியத்தையே அத்தகைய சொல்லில் முடித்த குறும்பை, அவரைக் கடுமையான விதிகாரர் என்று பழிப்போர் கவனிப்பதில்லை.

பொருளை வரையறுக்கும் இடத்தில் 'தட்', கூடுதல் செய்தி தரும் இடத்தில் 'விச்' என்னும் பாகுபாட்டை 1926-இல் தம் அகராதி நூலில் பரிந்துரைத்தவர் எச். டபிள்யூ. ஃபவுலர். பெரும்பாலோரோ சிறந்த எழுத்தாளர்களோ அப்படி எழுதுவதாகச் சொல்ல முடியாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அமெரிக்கப் பதிப்பாசிரியர்கள் பலர் அதை விதியாகவே ஏற்றனர். பிரிட்டனில் அது அந்த அளவுக்கு வேரூன்றவில்லை. ஆகவே அது நடை பற்றிய ஓர் அறிவுரையே. அதை மீறிய வாக்கியத்தை இலக்கணப் பிழை என்று அடித்துத் திருத்துவதற்கு வரலாற்றில் ஆதாரம் இல்லை.