பயிற்சிக் கணக்குகளின் வெற்றி

நுண்கணிதம் பயிலும் மாணவர்கள், ஒவ்வோர் அதிகாரத்தின் இறுதியிலும் அணிவகுத்து நிற்கும் பயிற்சிக் கணக்குகளைக் கண்டு சலிப்படைவதுண்டு. அத்தகைய கணக்குகள் ஒரு நாட்டின் கணிதக் கல்வியையே திருத்தியமைக்கத் துணைநின்றன என்று அறிந்தால் அச்சலிப்பு நீங்கும்.

நுண்கணிதத்தை நியூட்டனும் லைப்னிட்சும் தனித்தனியே கண்டனர். மாறுவீதத்தைக் குறிக்க நியூட்டன் எழுத்தின்மேல் புள்ளியிட்டார்; லைப்னிட்ஸ் 'டி' என்னும் எழுத்தை முன்னே அமைத்தார். முதலில் கண்டவர் யாவர் என்ற பூசல் மூண்டது. ஆங்கிலேயர் நூறாண்டு கடந்தும் புள்ளியையே பற்றி நின்றனர். ஐரோப்பாவிலோ ஆய்லர், லாக்ராஞ்சு முதலியோர் லைப்னிட்ஸ் வகுத்த நெறியில் நெடுந்தூரம் சென்றுவிட்டனர்.

இக்குறையை உணர்ந்தவர்கள் மாணவர்களே. 1812ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் பயின்ற பாபேஜ், ஹெர்ஷல், பீக்காக் ஆகியோர் தோழர்களுடன் கூடிக் கழகம் ஒன்றை நிறுவினர். 1816இல் லாக்ருவாவின் பிரெஞ்சு நூலை மூவரும் ஆங்கிலத்தில் பெயர்த்தனர். 1817இல் தேர்வாளராக அமர்ந்த பீக்காக், வினாத்தாளிலேயே புதிய குறியீட்டைப் புகுத்தினார். எதிர்ப்பும் எழுந்தது.

கொள்கையை ஒப்புக்கொண்டால் மட்டும் போதுமா? கைப்பழக்கம் வேண்டாவா? ஆதலின் 1820இல் அம்மூவரும் எடுத்துக்காட்டுக் கணக்குகளைத் திரட்டி இரண்டு தொகுதிகளாக வெளியிட்டனர். மாணவர் அவற்றைச் செய்து பழகினர்; புதிய முறை கேம்பிரிட்ஜில் வேரூன்றியது. நியூட்டனின் புள்ளியும் மறைந்துவிடவில்லை. இயக்கவியலில் இன்றும் வழங்குகிறது.

வாதத்தால் மட்டும் வெல்ல இயலாததைப் பயிற்சி வென்றது. இன்றிரவு ஒரு தொகையீட்டுக் கணக்கு உங்களை மயக்குமாயின், அந்த மூன்று இளைஞர்களை நினைந்து மீண்டும் ஒருமுறை முயலுங்கள்.