வானில் வழி காணும் கணக்கு

நான் வாழும் திருமுடிவாக்கத்திற்குக் கிழக்கே மீனம்பாக்கம் விமான நிலையம். தெற்கே தாம்பரம் விமானப்படைத் தளம். நாள்தோறும் விமானங்களைக் காண்கிறோம். மண்ணில் மைல்கல் உண்டு; விண்ணில் ஏது? விமானி வழி தவறாது செல்வது எங்ஙனம்?

அவனுக்கு முதல் துணை தேசப்படம். 1802ஆம் ஆண்டில் லாம்டன் என்னும் ஆங்கிலேயர், பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏறத்தாழ 7½ மைல் நீளமுள்ள கோடொன்றை எஃகுச் சங்கிலியால் அளந்தார். அதிலிருந்து முக்கோணத்தின் மேல் முக்கோணமாகக் கணித்துச் சென்ற அளவைப் பணி, இமயம் வரை நீண்டது. இந்தியாவின் சீரிய தேசப்படங்கள் அப்பணியில் பிறந்தவை.

1932 அக்டோபர் 15ஆம் நாள், ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தபால் விமானம் ஓட்டிவந்தார். நெவில் வின்சென்ட் அத்தபாலைப் பெற்று, பல்லாரி வழியே சென்னைக்குக் கொணர்ந்தார். அச்சிறு விமானத்தில் வானொலிக் கருவி இல்லை. தேசப்படம், திசைகாட்டி, கடிகாரம் ஆகியவற்றையும் தம் கண்ணையும் நம்பியே அவர்கள் பறந்தனர்.

வேகத்தை நேரத்தால் பெருக்கினால் தூரம் கிடைக்கும். இது நீங்கள் அறிந்ததே. ஆனால் காற்று குறுக்கிடுகிறது. வாடை, கொண்டல், தென்றல், கோடை என நம் முன்னோர் திசைக்கொரு பெயரிட்டனர் அல்லவா? மணிக்கு 100 மைல் வேகத்தில் தெற்கு நோக்கிச் செல்லும் விமானத்தை, 10 மைல் வேகமுள்ள கொண்டல் தாக்குவதாகக் கொள்வோம். ஒரு மணி நேரத்தில் விமானம் 10 மைல் மேற்கே ஒதுங்கிவிடும். ஆதலின் விமானி அதன் முகத்தை ஏறத்தாழ 6 பாகை கிழக்கே திருப்பிப் பறத்தல் வேண்டும். விமானத்தின் வேகம், காற்றின் வேகம், தரைமீது செல்லும் பாதை ஆகிய மூன்றும் சேர்ந்து ஒரு முக்கோணமாகும். 60 மைலுக்கு 1 பாகை பிழைத்தால் வழி 1 மைல் விலகும் என்பது பயிற்சி விமானிகள் மனப்பாடமாகக் கொள்ளும் விதி.

பறக்கக் கற்பிக்கும் ஆசிரியர்களையே பயிற்றும் விமானப்படைப் பள்ளி 1954 முதல் தாம்பரத்தில் உள்ளது. ஆசிரியருக்கும் பயிற்சி வேண்டும் என்பதை உணர்ந்த எனக்கு அது பெருமிதம் தருகிறது.

இன்று செயற்கைக்கோள் இருக்குமிடத்தை நொடியில் காட்டிவிடுகிறது. எனினும் தேசப்படமும் காற்று முக்கோணமும் பாடத்தினின்று நீங்கவில்லை. கருவி பழுதுறலாம், எரிபொருளோ அளவுள்ளது. அவ்வேளையில் விமானியையும் பயணிகளையும் காப்பது அவன் கற்ற கணக்கே. "திரிகோண கணிதம் எதற்கு ஐயா?" என்று வினவிய மாணவர் பலர்க்கு நான் அளித்த விடையும் இதுவே.