‘சொறி’: ஒரு சொல், பல பொருள்

ரொறன்ரோவில் பேருந்தில் ஏறி இறங்குவதற்குள் ‘சொறி’ என்ற சொல் நாலைந்து தடவையாவது காதில் விழுந்துவிடும். எம்மவர் பலர் அதை ‘மன்னிக்கவும்’ என்று மட்டுமே எடுத்துக்கொள்கிறோம். ஆனால் இடத்துக்கு இடம் அதன் பொருள் மாறும்.

தோள் முட்டினால் முட்டியவர் மட்டுமல்ல, முட்டுப்பட்டவரும் சொறி சொல்வார். அது வெறும் மரியாதை. அதையே கேள்விபோல இழுத்துச் சொன்னால், ‘என்ன சொன்னீங்கள்?’ என்று பொருள். நெரிசலில் சொன்னால், ‘கொஞ்சம் வழி விடுங்கோ’. கேட்ட உதவிக்குப் பதிலாக வந்தால், ‘இல்லை’. இந்த இடத்தில் நாங்கள் ‘குறை நினையாதேங்கோ’ என்போம். ஒரு பெயருக்கு முன்னால் அடைமொழியாக வந்தால், ‘பரிதாபமான’ என்று பொருள்.

செத்த வீட்டிலும் இதே சொல்தான். ‘இவர் ஒரு பிழையும் செய்யவில்லையே, ஏன் மன்னிப்புக் கேட்கிறார்?’ என்று புதிதாக வந்தவர் திகைப்பதுண்டு. அவர் கேட்பது மன்னிப்பு அல்ல, துயரத்தில் பங்கெடுக்கிறார். பழைய ஆங்கிலத்தில் இச்சொல்லுக்கு ‘மனம் நொந்த’ என்பதே பொருள். நோவையும் புண்ணையும் குறிக்கும் ‘சோர்’ என்ற சொல்லும் இதுவும் ஒரே வேரில் பிறந்தவை. தமிழில் அனுதாபம் வேறு, மன்னிப்பு வேறு. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் இந்த ஒரு சொல்லே போதும்.

இதனால்தான் சட்டத்திலும் சிக்கல் வந்தது. ஆறுதலாகச் சொன்ன சொல்லை நீதிமன்றத்தில் குற்ற ஒப்புதலாகக் காட்டிவிடுவார்களோ என்று மருத்துவர்களும் சாரதிகளும் வாய் திறக்கத் தயங்கினார்கள். பிரித்தானிய கொலம்பியா 2006இல் இதற்கென ஒரு சட்டம் இயற்றியது. ஒன்ராறியோவின் மன்னிப்புச் சட்டம் 2009இல் வந்தது. அதன்படி, நட்டஈடு கேட்டுத் தொடரப்படும் குடியியல் வழக்கில், முன்னர் சொன்ன சொறியைப் பொறுப்பேற்றதாகக் கொள்ள முடியாது. அதைச் சொன்னதற்காகக் காப்புறுதியும் பறிபோகாது.

விதிவிலக்குகளும் உண்டு. குற்றவியல் வழக்குகளிலும், மாகாணக் குற்றங்களாக விசாரிக்கப்படும் வீதிப் போக்குவரத்து வழக்குகளிலும் இந்தப் பாதுகாப்பு இல்லை. குடியியல் வழக்கிலேயே சாட்சியமளிக்கும்போது சொன்னாலும் இல்லை.

‘விபத்து நடந்தால் சொறி மட்டும் சொல்லிப்போடாதே’ என்று பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லும் பெற்றோர் எம்மிடையே உண்டு. அந்தப் பயத்துக்குக் காரணம் முழுவதும் இல்லாமல் போகவில்லை. ஆனாலும், அடிபட்டவருக்கு அருகில் நின்று ‘உங்களுக்கு நோகிறதே’ என்று வருந்துவதற்கும், ‘பிழை என்னுடையது’ என்று ஏற்பதற்கும் உள்ள வித்தியாசத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கலாம். முன்னதைச் சொல்ல மனிதர் எவரும் தயங்க வேண்டியதில்லை.