வாகிதீயின் கேள்விகளும் இருபது பாகங்களும்

ஒருவரைத் தனியே அமரவைத்து, அவர் கண்டதையும் பட்டதையும் அவர் போக்கிலேயே சொல்லவிட்டு, இடையிடையே வினாத் தொடுத்துப் பதிவு செய்வதைச் சமூகவியலார் ஆழ்நிலை நேர்காணல் என்பர். இதன் வரலாற்றைக் கூறுவோர், ராபர்ட் மெர்ட்டனும் பட்ரீசியா கெண்டலும் 1946இல் எழுதிய கட்டுரையையும், 1948இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஆலன் நெவின்ஸ் தொடங்கிய வாய்மொழி வரலாற்றுப் பணியையும் திருப்புமுனைகளாகக் காட்டுவர். அவற்றின் சிறப்பைக் குறைப்பது நம் நோக்கமன்று. ஆயினும் இம்முறையில் எழும் மிகக் கடினமான சிக்கல் ஒன்று, ஹிஜ்ரீ இரண்டு, மூன்றாம் நூற்றாண்டுகளிலேயே நம் அறிஞர்களிடையே வாதப் பொருளாக இருந்தது. அவ்வாதத்தின் நடுவில் நின்றவர் முஹம்மத் இப்னு உமர் அல்வாகிதீ.

ஹிஜ்ரீ 130இல் (கி.பி. 747) மதீனாவில் பிறந்து, 207இல் (கி.பி. 823) பக்தாதில் மறைந்தவர் அவர். பிறர் முதலைக் கொண்டு கோதுமை வணிகம் நடத்தி, ஓர் இலட்சம் திர்ஹத்தை இழந்து இராக்கிற்குச் சென்றதாக அவரே கூறியுள்ளார். நம் அரபுக் கல்லூரி மாணவர்களுக்கு இவர் ‘மத்ரூக்’ என்ற ஒற்றைச் சொல்லோடு அறிமுகமாகி, அதனோடு முடிந்தும் போகிறார். நானும் அப்படித்தான் ஓதினேன். பல்லாண்டுகள் அப்படித்தான் ஓதிக் கொடுத்தேன். ஹதீஸ் கலையில் அத்தீர்ப்பு சரியானதே. ஆனால் அவர் எவ்வாறு செய்தி திரட்டினார் என்பது வேறு கேள்வி.

கத்தீப் பக்தாதீ ‘தாரீகு பக்தாத்’தில் அவருடைய வழக்கத்தைப் பதிந்துள்ளார். நபித்தோழர்களின் மக்களையோ, ஷஹீதானவர்களின் மக்களையோ, அவர்களின் மவ்லாக்களையோ கண்டால், அவர் எங்கே, எவ்வாறு கொல்லப்பட்டார் என்பதை வீட்டார் எவரும் சொல்லக் கேட்டதுண்டா என வினவுவார். சொன்னால், அதோடு நில்லாமல் அவ்விடத்திற்கே சென்று பார்ப்பார். ஒருமுறை மக்காவில் அவர் கையில் தோல் நீர்ப்பையுடன் புறப்படுவதைக் கண்டு எங்கே என்று கேட்டவருக்கு, ஹுனைன் போர் நிகழ்ந்த இடத்தைக் காணப் போவதாக விடையளித்தார். போர்க்களத்தைக் காணாமலேயே போரை எழுதிவிடலாம் என்று அவர் கருதவில்லை.

கேட்பதில் இத்துணை நுட்பம் காட்டியவர், எழுதும்போது வேறுவிதமாக நடந்துகொண்டார். ‘மகாஸீ’ நூலின் தொடக்கத்தில் இருபதுக்கும் மேற்பட்ட பெயர்களை வரிசையாகத் தந்து, ஒவ்வொருவரும் ஒவ்வொரு பகுதியைச் சொன்னதாகவும், அனைத்தையும் சேர்த்து எழுதியதாகவும் அறிவித்துவிடுகிறார். பிறகு பல இடங்களில் ‘அவர்கள் கூறினர்’ என்பதோடு சரி. யார் எதைக் கூறினார்?

அவரிடம் பாடம் கேட்டோர் இதையே கேட்டனர். ஒவ்வொருவரின் அறிவிப்பையும் தனித்தனியே தரலாகாதா என்றனர். நீண்டுவிடும் என்றார் வாகிதீ. நீளட்டும் என்றனர். ஒரு வாரம் வெளியே வராதிருந்தவர், உஹுத் போரை மட்டும் இருபது பாகங்களாகக் கொண்டுவந்து வைத்தார். மற்றோர் அறிவிப்பில் நூறு என்றும் உள்ளது. மாணவர்கள் திகைத்து, பழைய முறைக்கே எங்களைத் திருப்பிவிடுங்கள் என்றார்களாம்! ஒலிநாடாவிலிருந்து ஆயிரம் பக்கங்களைப் படியெடுத்துவிட்டு அவற்றைச் சுருக்க வழி தெரியாமல் விழிக்கும் இன்றைய ஆய்வு மாணவருக்கு இந்நிகழ்ச்சியின் சுவை நன்கு விளங்கும்.

இமாம் அஹ்மத் இப்னு ஹன்பல் (ரஹ்) அவர்கள் வாகிதீயைக் கடுமையாகவே விமர்சித்தவர்கள். அவர்கள் சுட்டிய குறைகளுள் ஒன்று இதுவே: தம்முள் முரண்பட்டிருக்கக் கூடிய பலரின் இஸ்னாதுகளை ஒன்றாக்கி, ஒரே மத்னைத் தருவது. இது குறையன்று, ஸுஹ்ரீயும் இப்னு இஸ்ஹாக்கும் இவ்வாறே செய்தனர் என்று இப்ராஹீம் அல்ஹர்பீ மறுத்தார். அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் மீதான அவதூறு பற்றிய ஹதீஸை ஸுஹ்ரீ நால்வரிடமிருந்து இணைத்தே அறிவிக்கிறார். அது ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. எனினும் ஹர்பீயின் விடை எனக்கு நிறைவளிக்கவில்லை. ஸுஹ்ரீயின் நால்வரும் நம்பகமானவர்கள். எவருடைய சொல் எது எனத் தெரியாவிடினும் பாதகமில்லை. வாகிதீயின் கூட்டத்தில் வலுவானவரும் நலிவானவரும் கலந்திருக்க, பிரித்தறியும் வழியை அவரே அடைத்துவிட்டார். அப்படியிருந்தும், இமாம் அஹ்மத் அவர்கள் வாரந்தோறும் ஹன்பலை இப்னு ஸஅதிடம் அனுப்பி, வாகிதீயின் செய்திகளில் இரண்டிரண்டு பாகங்களாகப் பெற்றுப் பார்வையிட்டுவந்தார்கள் என்பதும் பதிவாகியுள்ளது.

குரல்கள் கலக்காமல் தப்பிய இடங்களும் நூலில் உண்டு. உஹுதில் ஷஹீதான ஸஅத் இப்னு ரபீஃ (ரலி) அவர்களின் மகள் உம்மு ஸஅத், அப்போரில் வாளேந்திய உம்மு உமாரா (ரலி) அவர்களிடம் செல்கிறார். சின்னம்மா, உங்கள் செய்தியைச் சொல்லுங்கள் என்கிறார். அவர்கள் சொல்லிவருகையில் தோளில் குழிந்திருந்த ஆழ்ந்த வடுவைக் கண்டு, இது யார் வெட்டியது என்கிறார். இப்னு கமிஆ என்று விடை வருகிறது. பின்னர்க் கையைப் பார்த்து, இதற்கு என்ன நேர்ந்தது என்கிறார். அது யமாமாவில் பட்டது என்று அடுத்த கதை தொடங்குகிறது. உடலில் கண்ட வடுவே அடுத்த வினாவைப் பிறப்பிக்கிறது. தந்தையை அக்களத்தில் பறிகொடுத்த மகள் கேட்பதால், அங்கிருந்தவர் மனம் திறந்து சொல்கிறார்.

அந்த இருபது பாகங்கள் நம் கைக்கு வரவில்லை. 1966இல் மார்ஸ்டன் ஜோன்ஸ் மூன்று பாகங்களாகப் பதிப்பித்த ‘மகாஸீ’யில், உஹுத் முழுவதும் முதல் பாகத்திற்குள்ளேயே அடங்கிவிடுகிறது.